யூட்டா கேன்யன் சீமையில் தனியாக பைக் ஓட்டி, கூடாரம் போட்டுத் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில், மோவாப் ஊரைச் சுற்றி கேன்யன்கள், அதாவது ஆழமான பாறைப் பள்ளத்தாக்குகள், நிறைந்த செம்பாறைச் சீமையில், இரண்டு முறை தனியாகப் பைக்கில் சுற்றியிருக்கிறேன். முதல் முறை மே மாதம் 9 நாள், அடுத்தது அக்டோபரில் 11 நாள். போய் வந்ததிலிருந்து தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாதி பாதி பதில் சொல்வதைவிட, ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எந்த வழி?

மோவாபில் தொடங்கி மோவாபிலேயே முடியும் ஒரு வட்டம். முதலில் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதி. அங்கே ஷேஃபர் டிரெயில் என்ற மண் ரோடு வழியாகக் கீழே இறங்கி ஒயிட் ரிம் என்ற மண் ரோட்டைச் சுற்றி வருவது. மறுபடி மோவாப் வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு தெற்கே மான்டிசெலோ, பிளாண்டிங், பிளஃப். அப்புறம் வேலி ஆஃப் தி காட்ஸ், மோக்கி டக்வே ஏற்றம், நேச்சுரல் பிரிட்ஜஸ், ஹைட் என்ற இடத்தில் கொலராடோ ஆற்றுப் பாலம், ஹாங்க்ஸ்வில். அங்கிருந்து மேற்கே கேப்பிட்டல் ரீஃப் தேசியப் பூங்கா, நெடுஞ்சாலை 12-இல் போல்டர் என்ற குட்டி ஊர், பர் டிரெயில் வழியாகத் திரும்பவும் கிழக்கே. மொத்தம் 700 மைலுக்குச் சற்று மேல். அதில் சுமார் 150 மைல் மண் ரோடு.

இது அக்டோபரில் போன வழி. மே மாதம் போனபோது ஒயிட் ரிம்முக்குப் பதிலாக கேப்பிட்டல் ரீஃபின் வடபகுதியில் இருக்கும் கதீட்ரல் வேலிக்குள் போனேன். அங்கே நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. என்னைக் கேட்டால் அக்டோபர்தான். வசந்த காலத்தில் காற்று சாயங்காலமானால் விடாமல் அடிக்கும், கூடாரத்துக்குள் தூங்கும்போது பல்லில் மணல் நறநறக்கும். கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு முதல் கியரில் மணலில் ஓட்டுகிறவருக்கு அந்த வெயில் ஆபத்து. ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை பிற்பகல் இடிமழைக் காலம் வேறு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: பாலைவனம் என்றால் எப்போதும் சூடு என்று நினைத்துப் போகிறார்கள். ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அதோடு டோரி ஊருக்கும் போல்டருக்கும் நடுவே நெடுஞ்சாலை 12 போல்டர் மலையைத் தாண்டும் இடம் 9,600 அடி உயரம். அக்டோபர் 2-ஆம் வாரம் நான் அதைக் கடந்தபோது ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக நிற்க, ரோட்டோரத்தில் பனி கிடந்தது. அதே நாள் காலையில்தான் கீழே ஹாங்க்ஸ்வில்லில் வெறும் டி-ஷர்ட்டோடு நின்று சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன பைக் வேண்டும்?

நீங்கள் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடிய பைக். இதைத்தான் முதல் அளவுகோலாக வைக்கிறேன். பெரிய 1200 சிசி அட்வென்சர் பைக்கில் அந்த வட்டத்தில் முக்கால்வாசியைச் சுகமாக ஓட்டலாம், மீதிக் கால்வாசியில் மணலில் சாய்ந்தால் உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒயிட் ரிம்மில் வாரநாளில் மணிக்கணக்கில் ஆள் நடமாட்டமே இருக்காது.

நான் கொண்டுபோனது 650 சிசி ஒற்றை சிலிண்டர். 400 இருந்தாலும் போதும். அதிக சக்தி அங்கே தேவைப்படவே இல்லை. பளு குறைவு, முன்சக்கரம் 21 அங்குலம், கரடுமுரடுக்கான டயர், இன்ஜினுக்கு அடியில் தகடு, இவை நான்கும்தான் வேலை செய்தன. பக்கவாட்டில் தொங்கும் பை துணிப்பையாக இருக்கட்டும். அலுமினியப் பெட்டி மாட்டியிருந்து, மணலில் கால் ஊன்றும்போது பைக் முன்னே நகர்ந்தால், பெட்டி கெண்டைக்காலில் வந்து இடிக்கும். எலும்பு முறிந்தவர்கள் உண்டு.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். மண் ரோட்டில் ஓட்டக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். வெளிநாட்டு லைசென்ஸ் என்றால் அதில் மோட்டார் சைக்கிள் என்று தெளிவாக இருக்க வேண்டும், கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். யூட்டா சட்டப்படி 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். சட்டம் என்ன சொன்னாலும் சரி, போட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

பெட்ரோல் எங்கே கிடைக்கும்?

கிடைக்காத இடங்களைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். பிளாண்டிங்கிலிருந்து நெடுஞ்சாலை 95 வழியாக ஹாங்க்ஸ்வில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நடுவில் நம்பிப் போகிற மாதிரி பங்க் எதுவும் இல்லை. நீங்கள் பிளஃப் பக்கமிருந்து வேலி ஆஃப் தி காட்ஸ் சுற்றிவிட்டு வந்தால் அந்தத் தூரமும் சேரும். கடைசியாக டேங்க் நிரப்பக்கூடிய இடம் மெக்சிகன் ஹாட் என்ற ஊர்.

ஒயிட் ரிம்மும் அப்படித்தான். ரோடு மட்டும் 100 மைல், மோவாபிலிருந்து போக வர சேர்த்தால் 150. கணக்கில் சுலபமாகத் தெரியும். ஆனால் மணலில் முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் குடிக்கிற குடிக்கு, தார் ரோட்டு மைலேஜில் கால்வாசியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 13 லிட்டர் டேங்க் என்றால் கூடுதலாக 4 லிட்டர் கேனில் எடுத்துக்கொள்வேன். 23 லிட்டர் டேங்க் உள்ள பழைய கவாசாகி கேஎல்ஆர் மாதிரி பைக் என்றால் கவலையே இல்லை.

சில பங்குகளில் 85 ஆக்டேன் பம்ப் இருக்கும், உயரமான ஊர்கள் என்பதால். பைக்கின் கையேடு அதிக ஆக்டேன் கேட்டால் அதையே போடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 4 லிட்டர் என்று பூங்காக்காரர்கள் சொல்வார்கள். சமையலும் சேர்த்து அது அக்டோபருக்குச் சரியாக இருந்தது. மே கடைசியில் 6 ஆனது. ஆனால் அளவைவிட முக்கியமானது வேறொன்று: எத்தனை இரவு திட்டமோ அதற்கு மேல் ஒரு முழு நாளுக்கான தண்ணீர் எப்போதும் பைக்கில் இருக்க வேண்டும், அதைக் கடைசி ஊருக்குள் நுழைகிறவரை தொடவே கூடாது. நான் அதைத் தனிப் பையில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன்.

ஒயிட் ரிம்மில் குடிக்கத் தண்ணீர் எங்கேயும் கிடையாது. கேன்யன்லேண்ட்ஸின் நீடில்ஸ் பகுதியில் உள்ள பார்வையாளர் மையம், நேச்சுரல் பிரிட்ஜஸ் மையம், கேப்பிட்டல் ரீஃபில் ஃப்ரூட்டா முகாம், இவை நான் நிரப்பிக்கொண்ட இடங்கள். கிரீன் ஆறும் கொலராடோ ஆறும் வரைபடத்தில் நீலமாகத்தான் தெரியும். நேரில் பாலூற்றிய தேநீர் நிறம். அந்தச் சேற்றைக் கைவடிகட்டியில் ஊற்றினால் ஒரு லிட்டருக்குள் அடைத்துக்கொள்ளும். பக்கெட்டிலோ மடிக்கும் பையிலோ எடுத்து, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, அப்புறம் மேல்தண்ணீரை வடிகட்ட வேண்டும். படகில் போகிறவர்கள் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிறார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது.

பெர்மிட் எடுக்க வேண்டுமா?

ஒயிட் ரிம்முக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும். பகலில் மட்டும் போய்த் திரும்பினாலும் வேண்டும், தங்கினாலும் வேண்டும். பகல் பெர்மிட் மோட்டார் வாகனங்களுக்கு ஒரு நாளைக்கு 50 மட்டுமே. தங்குவதற்கு ரெக்ரியேஷன்.கவ் என்ற அரசு இணையதளத்தில் பல மாதம் முன்னதாகவே பதிய வேண்டும், குறித்த முகாமில்தான் தங்க முடியும். ஒரு முகாமில் 15 பேர், 3 வண்டி வரை இடம் உண்டு. தனியாளாகப் போனாலும் அந்த முழு இடமும் உங்களுக்குத்தான். முர்ஃபி ஹாக்பேக் என்ற முகட்டின் மேல் அப்படி ஒரு இரவு எனக்குக் கிடைத்தது, இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நானும் பைக்கும் மட்டும்.

நம்பர் பிளேட் உள்ள, ரோட்டில் ஓட்ட அனுமதியுள்ள பைக் மட்டுமே பூங்காவுக்குள் போகலாம். விறகுத் தீ மூட்டக் கூடாது. ட்ரோன் எந்தத் தேசியப் பூங்காவிலும் கூடாது. ஷேஃபர் டிரெயிலுக்கு மட்டும் தனி பெர்மிட் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் போதும். அமெரிக்காவில் வசிப்பவர் என்றால் 80 டாலர் ஆண்டுப் பாஸ் வாங்கிவிடுவது நல்லது, நிறையப் பூங்காக்களுக்குப் போனால் காசு மிச்சம்.

மான்யுமென்ட் வேலி நவஹோ பழங்குடி மக்களின் நிலம், விதிகள் அவர்களுடையவை. அங்கே உள்ளே போகும் 17 மைல் மண் ரோட்டில் மோட்டார் சைக்கிளை விடுவதில்லை. வழிகாட்டியோடு அவர்களின் வண்டியில் போய்ப் பார்க்கலாம். அவர்கள் நிலத்தில் நினைத்த இடத்தில் கூடாரம் போடவும் கூடாது.

பெர்மிட் இல்லாமல் தங்க இடமே இல்லையா?

நிறைய இருக்கிறது. நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில், தடை இல்லாத இடத்தில், 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். ஏற்கெனவே யாராவது தங்கி மண் இறுகிப்போன இடத்திலேயே போடுங்கள், புது இடம் தேடாதீர்கள். வேலி ஆஃப் தி காட்ஸில் 17 மைல் மண் ரோட்டின் ஓரமாக அப்படி அருமையான இடங்கள் உண்டு. மோவாபைச் சுற்றி மட்டும் கூட்டம் அதிகமானதால் பல பகுதிகளில் எண் போட்ட இடங்களில்தான் அனுமதி.

மலத்தைக் கட்டி எடுத்து வரும் கழிவுப்பை கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் புதைத்தால் மட்கவே மட்காது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பயன்படுத்தியதைக் கட்டி, பைக்கில் வைத்து, ஊரில் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

கருப்பாக, மொறுமொறுவென்று இருக்கும் மண்ணை மிதிக்கக் கூடாது என்கிறார்களே, என்ன அது?

அது உயிருள்ள மண். நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, காளான், லைக்கன் எல்லாம் சேர்ந்து மணல் துகள்களை நூல்போலப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும் மேலோடு. குனிந்து பார்த்தால் குட்டிக் குட்டிக் கோபுரங்கள் நிற்கிற மாதிரி இருக்கும். காற்று மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் காப்பதும், மழைநீரைப் பிடித்து வைப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் தருவதும் அதுதான். ஒரு டயர் தடம் பதிந்தால் அது பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். வேலி ஆஃப் தி காட்ஸில் ரோட்டிலிருந்து விலகி யாரோ போட்ட ஒற்றைப் பைக் தடத்தைப் பார்த்தேன், ஒரு படத்துக்காக 30 மீட்டர் உள்ளே போய்த் திரும்பியிருக்கிறார்கள். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. தயவுசெய்து ரோட்டை விட்டு இறங்காதீர்கள், நடக்கும்போதும் பாறை மேலோ ஓடை மணலிலோ காலை வையுங்கள்.

திடீர் வெள்ளம் நிஜமாகவே அவ்வளவு ஆபத்தா? மழைதான் தெரிந்துவிடுமே?

தெரியாது, அதுதான் சிக்கலே. தரை பெரும்பாலும் வெறும் பாறை, தண்ணீரை உறிஞ்சாது. 20 மைல் தள்ளி மேட்டில் பெய்த மழை, நீங்கள் நிற்கும் ஓடைக்குள் வானம் நீலமாக இருக்கும்போதே வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசோனாவில், ஆன்டிலோப் கேன்யனின் குறுகலான இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தது இப்படித்தான். அவர்கள் நின்ற இடத்தில் மழையே பெரிதாக இல்லை.

ஆகவே காய்ந்த ஓடையில் கூடாரம் போடவே கூடாது. மணல் மெத்தென்று இருக்கும், காட்டன்வுட் மர நிழல் இருக்கும், காற்றும் அடிக்காது, எல்லாம் சரி, கூடாது. ரோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் காத்திருங்கள், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். கலங்கல் கூடுவது, நுரையும் சுள்ளியும் மிதந்து வருவது, தூரத்தில் லாரி வருகிற மாதிரி ஒரு இரைச்சல், இதில் எது தெரிந்தாலும் உடனே மேலே ஏறுங்கள். பைக்கை விட்டுவிட்டு ஏறுங்கள்.

மழை நின்றதும் கிளம்பலாமா?

கதீட்ரல் வேலி கதை இதுதான். அந்தப் பக்கம் சாம்பல், ஊதா, பச்சை என்று வரிவரியாக மேடுகள் தெரியும். பார்க்க மிக அழகு. அது பென்டோனைட் களிமண், ஆதிகாலத்து எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டானது. காய்ந்திருந்தால் சிமென்ட் தரை மாதிரி, நனைந்தால் சோப்பு.

மே மாதம், மதியம் 3 மணி வாக்கில், 20 நிமிடம் மழை பெய்தது. நின்றதும் வெயில் வந்தது, நானும் கிளம்பினேன். 200 மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்தி, வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் டயருக்கும் மட்காடுக்கும் இடையே களிமண் கல் மாதிரி இறுகியிருக்கிறது, டயரின் பற்களே தெரியவில்லை. கூடாரத்தின் ஒரு ஆணியை எடுத்துத் தோண்டத் தொடங்கினேன். ஒரு பிடி எடுத்தால் பூட்ஸில் இரண்டு பிடி ஒட்டுகிறது, ஒவ்வொரு அடிக்கும் கால் ஒரு கிலோ கூடுகிறது. ஒரு மணி நேரம் தோண்டி, பத்தடி தள்ளி, மறுபடி அடைத்துக்கொண்டதும்தான் புத்திக்கு உறைத்தது. ரோட்டோரத்தில் இருந்த பாறை மேல் பைக்கை ஏற்றி நிறுத்தி, அங்கேயே கூடாரம் போட்டேன். மறுநாள் 11 மணி வரை வெயிலும் காற்றும் பட்டபின் அதே ரோட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போனேன்.

சிவப்பு டேப் ஒட்டிய தண்ணீர்ப் பை அன்று ராத்திரிதான் திறந்தது. அந்த ஒரு பை இல்லாவிட்டால் சேற்றில் 15 மைல் நடந்திருப்பேன், அந்த முடிவு என்னைக் கொன்றிருக்கலாம். ஆகவே திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். 'திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயே ஆக வேண்டும்' என்ற நெருக்கடியோடு அந்த ரோடுகளில் இறங்கினால், காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்க மாட்டீர்கள்.

தனியாகப் போகும்போது ஏதாவது ஆகிவிட்டால்?

2003-இல் ஹாங்க்ஸ்வில்லுக்குக் கிழக்கே புளூஜான் கேன்யனில் ஆரன் ரால்ஸ்டன் என்பவரின் கை ஒரு பாறைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் சிக்கிக் கிடந்து, கடைசியில் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் நல்ல அனுபவசாலி, உடல் பலமும் உள்ளவர்.

நான் செய்வது: ஒவ்வொரு நாளுக்கும் எந்த ரோடு, எங்கே தங்கல் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். செயற்கைக்கோள் தகவல் கருவி ஒன்று ஜாக்கெட் பையில் இருக்கும், பைக்கில் அல்ல, ஏனென்றால் விழுந்து கிடக்கும்போது பைக் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கலாம். தினமும் ராத்திரி 8 மணிக்கு 'நலம்' என்று ஒரு செய்தி. மறுநாள் மதியம் 12 வரை எதுவும் வரவில்லை என்றால் அந்த கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப், அதாவது போலீஸ் தலைவர், அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும், இதுதான் ஒப்பந்தம். தேடுதல் வேலையைப் பெரும்பாலும் கவுன்டி ஷெரிஃப்தான் பார்ப்பார். மோவாப் என்றால் கிராண்ட் கவுன்டி, பிளஃப், பிளாண்டிங் என்றால் சான் வான், ஹாங்க்ஸ்வில் என்றால் வெய்ன், போல்டர் என்றால் கார்ஃபீல்டு. நான்கு எண்களையும் காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுங்கள். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள், ஊரை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் இருக்காது.

மணலில் ஓட்டத் தெரியாது, சமாளிக்க முடியுமா?

போவதற்கு முன்னால் எங்கேயாவது ஒரு மணல் திட்டில் இரண்டு நாள் பழகிவிட்டு வாருங்கள். எழுந்து நின்று, எடையைப் பின்னால் தள்ளி, கண்ணை 20 மீட்டர் முன்னால் வைத்து, ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடிப்பது. ஹாண்டில்பார் கையில் ஆடும், ஆடட்டும், இறுக்கிப் பிடிக்காதீர்கள். பயந்து ஆக்சிலரேட்டரை விடும் அந்த நொடியில்தான் முன்சக்கரம் புதையும். டயர் காற்றை 22 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் நிறைய வித்தியாசம் தெரியும், ஆனால் திரும்ப அடைக்க ஒரு சின்னப் பம்ப் வேண்டும்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். இன்ஜினை அணையுங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், பைகளைக் கழற்றுங்கள். சரிவில் தலைகீழாகக் கிடந்தால் முதலில் சக்கரம் பள்ளத்துப் பக்கம் வருகிற மாதிரி தரையோடு சுழற்றிவிட்டு, அப்புறம் தூக்குங்கள். சைட் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவு ஒரு தகடு, இல்லையென்றால் நீங்கள் கையுறையைக் கழற்றுவதற்குள் வண்டி மெதுவாகச் சாய்ந்துவிடும்.

மோக்கி டக்வே பயங்கரமாமே?

படங்களில் தெரியும் அளவுக்கு இல்லை. நெடுஞ்சாலை 261-இல் சுமார் 3 மைல் சரளை ரோடு, 1,100 அடி ஏற்றம், செங்குத்தான பாறைச் சுவரில் கொண்டையூசி வளைவுகள், தடுப்புச் சுவர் கிடையாது. 1950-களில் யுரேனியத் தாது ஏற்றிய லாரிகள் போவதற்காகச் சுரங்க நிறுவனம் ஒன்று வெட்டிய வழி. அவ்வளவு பாரத்தோடு லாரி போன ரோடு என்பதால் அகலமாகவே இருக்கிறது. வளைவுகளில் சலசலக்கும் சரளையில் மட்டும் நிதானம் வேண்டும். ஏறி முடித்ததும் பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள், வேலி ஆஃப் தி காட்ஸ் மொத்தமும் காலடியில் கிடக்கும்.

கூடாரம், படுக்கை, சமையல்?

தானாக நிற்கும் கூடாரமாக வாங்குங்கள், பாறைத் தரையில் ஆணி இறங்காது. நான்கு மூலைக்கும் கயிறு கட்டிக் கல்லைச் சுற்ற வேண்டியிருக்கும். உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் மணல் பொடி உள்ளே மழையாகக் கொட்டும், பாதித் துணி, பாதி வலை நல்லது. ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 7 டிகிரி வரை தாங்குவது. சமையலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் குறைவாகக் கேட்கிற சாப்பாடு, காற்று அடிக்கிற ராத்திரிக்கு அடுப்பே பற்ற வைக்கத் தேவையில்லாத சாப்பாடு ஒரு வேளைக்கு.

பாம்பு, தேள்?

இரண்டும் உண்டு, காலையில் பூட்ஸை உதறாமல் போடாதீர்கள், கல்லைப் புரட்டும்போது கையை உள்ளே விடாதீர்கள். எனக்கு நிஜமாகத் தொல்லை கொடுத்தது அண்டங்காக்கை. ஜிப்பைத் திறக்கத் தெரிந்த பறவை அது. ஷேஃபர் முகாமில் நான் நூறடி தள்ளிப் போய் ஒரு படம் எடுத்துவிட்டு வருவதற்குள் டேங்க் பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறந்து, ரொட்டியையும் ஒரு காதடைப்பானையும் வெளியே எடுத்துப் போட்டிருந்தது.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம்?

தார் என்றால் 150 மைல், மண் என்றால் 40 அல்லது 50. எதுவாக இருந்தாலும் சாயங்காலம் 4 மணிக்கு நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். நான் விழுந்தது மூன்று முறை, மூன்றும் 4 மணிக்கு மேல். களைப்பு, சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில், 'இன்னும் ஒரு பத்து மைல்' என்ற ஆசை. அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் அவ்வளவு தூரம் போவதே அந்த 4 மணிக்கு மேல் நடப்பதைப் பார்க்கத்தான். மதிய வெயிலில் தட்டையாக, வெளிறிக் கிடக்கும் அதே விங்கேட் என்ற செம்மணற்பாறைச் சுவர் 5 மணிக்கு உள்ளிருந்து கனல்கிற மாதிரி ஆகும். 6 மணிக்கு ஊதா. பைக்கில் உட்கார்ந்து அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது.

தனிமை, இருட்டு, பயம் இல்லையா?

முதல் இரண்டு ராத்திரி இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்தேன். எலி, கூடாரத் துணி, பாறை குளிர்ந்து எங்கோ ஒரு சில்லு உடைந்து விழுவது. மூன்றாம் ராத்திரி அந்தச் சத்தங்களுக்குப் பெயர் தெரிந்துவிட்டது, தூங்கிவிட்டேன்.

ஒரே ஒரு ராத்திரிதான் தங்க முடியும் என்றால் எங்கே?

நேச்சுரல் பிரிட்ஜஸ். 1908-இல் அறிவிக்கப்பட்ட தேசிய நினைவிடம், யூட்டாவில் முதலாவது அதுதான். 2007-இல் உலகத்திலேயே முதல் சர்வதேச இருள்வானப் பூங்காவாக, அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காத இரவு வானம் உள்ள இடமாக, அங்கீகரிக்கப்பட்டதும் அதுவே. மொத்தம் 13 இடம், முன்பதிவு கிடையாது, முதலில் வருபவருக்குத்தான், ஆகவே மதியத்துக்குள் போய்விடுங்கள். மூன்று இயற்கைப் பாலங்களில் ஒவாச்சோமோதான் மெலிந்தது. நீளம் 180 அடி, ஆனால் நடுவில் கனம் 9 அடிதான்.

ராத்திரி 9 மணிக்கு முகாமிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்துக்கு இறங்கும் பாதை வரை போனேன். சிவப்பு விளக்கோடு கொஞ்ச தூரம்தான் இறக்கம். அடியில் போய் மல்லாந்து படுத்தேன். முதுகுக்குக் கீழே பாறையில் பகல் சூடு இன்னும் மிச்சமிருந்தது, முகத்தில் மட்டும் குளிர் காற்று. பாலம் ஒரு கறுப்புப் பட்டையாகக் குறுக்கே நின்றது, அதற்கு மேலேயும் கீழேயும் பால்வீதி. மேலே நிறுத்தியிருந்த பைக்கின் இன்ஜின் குளிர்ந்து டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது அவ்வளவு தூரத்திலும் கேட்ட மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.